தேரைப் பொம்மையாக்கும் லென்ஸ்

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளன்று மயிலாப்பூர் மாட வீதிகளில் தரையில் நின்று படமெடுப்பது நடக்கிற காரியமில்லை. கபாலீசுவரரோடு அறுபத்து மூன்று நாயன்மார்களும் வீதியுலா வரும் நேரத்தில் கேமராவைத் தூக்கினால் யாருடைய முழங்கையாவது இடிக்கும். தப்பினால் பலூன் வந்து மறைக்கும். விவரம் தெரிந்தவர்கள் மத்தியானமே மொட்டை மாடி பார்த்து ஏறிவிடுவார்கள். அப்படி உயரத்திலிருந்து எடுக்கிற படங்களில் ஒரு வகை விசித்திரமானது. நடுவில் ஒரு சப்பரமும் அதைச் சுமப்பவர்களும் மட்டும் ஊசிமுனைத் துல்லியத்தில் இருப்பார்கள். அதற்கு மேலும் கீழும் வீதி கரைந்து கிடக்கும். பார்த்ததும், யாரோ களிமண்ணில் செய்து வைத்ததைக் கிட்டப் போய் எடுத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்போம். அத்தனையும் நிஜ மனிதர்கள், நிஜச் சப்பரம்.

இந்த வித்தையைச் செய்வது 'டில்ட்-ஷிஃப்ட்' வகை லென்ஸ். லென்ஸின் முன்பகுதியைத் தனியாகச் சாய்க்கலாம், பக்கவாட்டிலோ மேலும் கீழுமோ நகர்த்தவும் செய்யலாம். இதே குடும்பத்தின் துடுக்கான பிள்ளை 'லென்ஸ்பேபி'. காட்சியில் எது தெளிவாக இருக்க வேண்டும், எது மங்க வேண்டும் என்பதைத் தூரத்திடம் விட்டுவிடாமல் நாமே முடிவு செய்வதற்கான கருவிகள் இவை. அழகுக்கான விளையாட்டுச் சாமான் என்று இவற்றை ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கண்ணும் மூளையும் அளவை எப்படிக் கணிக்கின்றன என்பதை இவ்வளவு எளிதாகக் காட்டித்தரும் கருவி வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

முதலில் சாதாரண லென்ஸ் என்ன செய்கிறது என்று பார்ப்போம். முழுச்சட்ட கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், துளை எஃப் 8. நாற்பது மீட்டர் தள்ளி வரும் சப்பரத்தின்மேல் ஃபோகஸ் வைத்தால், ஏறக்குறைய 8 மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாமே தெளிவாகத் தெரியும். அதே லென்ஸ், அதே துளை. இப்போது வீட்டுக் கொலுவில் ஒரு பொம்மைக்கு அரை மீட்டர் அருகே போய் எடுங்கள். தெளிவின் ஆழம் சுமார் 5 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். செட்டியார் பொம்மை தெளிவாக இருந்தால் பின்னால் இருக்கும் தசாவதாரம் மங்கும். காரணம் எளிது: தூரம் பாதியானால் தெளிவின் ஆழம் ஏறக்குறைய கால்பங்காகிவிடுகிறது.

நம் கண்ணுக்கும் இதே விதிதான். கைக்கெட்டும் தூரத்தில் உள்ள சின்னப் பொருளை உற்றுப் பார்க்கும்போது அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை மங்குகின்றன. எதிர்த்தெருவைப் பார்க்கும்போது அப்படி எதுவும் நடப்பதில்லை. பிறந்ததிலிருந்து பார்த்துப் பார்த்து மூளை இதைப் பாடமாக்கி வைத்திருக்கிறது. நிறைய மங்கல் இருந்தால் பொருள் பக்கத்தில் இருக்கிறது. பக்கத்தில் இருந்தும் இவ்வளவுதான் தெரிகிறது என்றால் அது சிறியது. மொட்டை மாடிப் படத்தில் வீதி கரைந்திருப்பதைக் கண்டதும் மூளை இந்தக் கணக்கைத்தான் போடுகிறது, நம்மைக் கேட்காமலே.

மாட வீதிக்கு அந்தக் கொலுப் பட மங்கலைச் சாதாரண லென்ஸால் நேர்வழியில் கொண்டுவர முடியுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 8 என்றால் துளையின் விட்டம் சுமார் 6 மி.மீ. அரை மீட்டருக்குப் பதில் நாற்பது மீட்டர் என்றால் தூரம் எண்பது மடங்கு. துளையும் எண்பது மடங்கு ஆக வேண்டும். அதாவது அரை மீட்டர் அகலத் துளை கொண்ட லென்ஸ்! அதைத் தோளில் மாட்டிக்கொண்டு யாரும் மாடிப்படி ஏற முடியாது. ஆகவே குறுக்குவழி.

அந்தக் குறுக்குவழி வேலை செய்கிறது என்பதைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஹெல்ட், எமிலி கூப்பர், ஜேம்ஸ் ஓ'பிரையன், மார்ட்டின் பேங்க்ஸ் ஆகியோர் 2010-இல் ஆய்வு செய்து காட்டினார்கள். நகரக் காட்சிப் படங்களில் மங்கலைச் செயற்கையாகச் சேர்த்துப் பார்வையாளரிடம் தூரத்தைக் கணிக்கச் சொன்னார்கள். தரை விரிந்து போகும் திசையிலேயே மங்கலும் படிப்படியாகக் கூடியபோது, உண்மையான ஒளியியல் மங்கலைப் போலவே அது ஏமாற்றியது. மங்கலை இடவலமாக, தூரத்துக்குச் சம்பந்தமில்லாத திசையில் வைத்தபோது மாயம் அந்த அளவுக்குப் பலிக்கவில்லை. கைபேசிச் செயலியில் குத்துமதிப்பாக ஒரு பட்டையை மட்டும் விட்டு மற்றதை அழித்துவிட்டு, "ஏன் பொம்மை மாதிரி வரவில்லை?" என்று கேட்பவர்களுக்கு விடை இதில் இருக்கிறது.

இனி, லென்ஸைச் சாய்த்தால் என்ன ஆகிறது? வழக்கமான கேமராவில் லென்ஸும் சென்சாரும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும். ஆகவே தெளிவாகத் தெரியும் தளமும் அவற்றுக்கு இணையாக, கேமராவுக்கு முன்னால் கண்ணாடிச் சுவர் ஒன்றை நிறுத்தியதுபோல நிற்கும். லென்ஸைச் சற்றே சாய்த்ததும் அந்தச் சுவர் பல மடங்கு அதிகமாகச் சாய்கிறது. எவ்வளவு சாயும் என்பதற்கு ஒரு விதி இருக்கிறது. சென்சாரின் தளம், லென்ஸின் தளம், தெளிவின் தளம் மூன்றையும் நீட்டினால் அவை ஒரே கோட்டில் சந்திக்கும். ஆஸ்திரிய ராணுவத்தில் கேப்டனாக இருந்த தியோடர் ஷைம்ப்ஃப்ளூக் 1904-இல் பிரிட்டனில் பெற்ற காப்புரிமையில் இதை விளக்கினார். பாரிசைச் சேர்ந்த ஜூல் கார்ப்பன்டியே தமக்கு முன்பே இதைத் தொட்டிருப்பதை அவர் மறைக்கவில்லை. உயரத்திலிருந்து கோணலாக எடுத்த நிலப் படங்களை வரைபடம் ஆக்கும்படி நேராக்குவதுதான் அவருடைய கவலை. விதி இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது.

சென்னைக்காரர்களில் கணிசமானவர்கள் தங்களுக்கே தெரியாமல் இந்த விதிக்கு முன் உட்கார்ந்து எழுந்திருப்பார்கள். லேசர் கண் சிகிச்சைக்கு முன்னால் நகரின் பெரிய கண் மருத்துவமனைகளில் கருவிழியைப் படமெடுக்கும் 'பென்டாகாம்' என்ற கருவி, கண்ணைச் சுற்றிச் சுழலும் ஷைம்ப்ஃப்ளூக் கேமராதான். மெல்லிய ஒளிக்கீற்று கண்ணை நெட்டாக வெட்டுகிறது. பக்கத்திலிருந்து பார்க்கும் கேமராவுக்கு அந்த வெட்டுமுகம் சாய்வாகத் தெரியும்; சாதாரணமாக எடுத்தால் அதில் ஒரு துண்டுதான் தெளியும். சாய்த்து எடுப்பதால் கருவிழியின் முன்பக்கத்திலிருந்து கண்ணுக்குள் இருக்கும் வில்லை வரை ஒரே படத்தில் தெளிவாக விழுகிறது. கருவிழி கூம்பாகிப்போகும் நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க உதவுவது அந்தத் தெளிவு.

ஆக, சாய்க்கும் லென்ஸ் மங்கலாக்குவதற்கென்று பிறந்ததல்ல. எல்லாவற்றையும் தெளிவாக்கத்தான் பிறந்தது. இதற்கு மயிலாப்பூரைவிடப் பொருத்தமான சோதனைச்சாலை கிடைக்காது. ஏனென்றால் இங்கே கோலம் இருக்கிறது. ஜனவரியில் மயிலாப்பூர் விழாவின்போது வடக்கு மாட வீதியில் நடக்கும் கோலப் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வீதி நெடுக, ஒன்றையடுத்து ஒன்றாகக் கோலங்கள். கண்மட்டத்திலிருந்து எடுத்தால் முதல் கோலம் தெளியும், ஐந்தாவது மங்கும். துளையை மிகவும் சுருக்கினால் ஓரளவு சரியாகும், ஆனால் வெளிச்சம் போதாமல் நடப்பவர்கள் தேய்ந்துபோவார்கள். கோலங்கள் எல்லாம் ஒரே தளத்தில், தரையில், இருக்கின்றன என்பதைச் சாய்க்கும் லென்ஸ் பயன்படுத்திக்கொள்கிறது. லென்ஸின் குவியத்தூரத்தைச் சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பால் வகுத்தால், தெளிவின் தளம் லென்ஸுக்கு எவ்வளவு கீழே கீல் போட்டுத் திரும்புகிறது என்பது கிடைக்கும். 45 மி.மீ. லென்ஸ் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், கேமரா மட்டமாக இருக்கிறது என்று வையுங்கள். லென்ஸை முன்பக்கம் கீழ்நோக்கி 2 டிகிரி சாய்த்து ஃபோகஸைச் சரிசெய்தால் போதும். தெளிவின் தளம் வீதியோடு ஒட்டிப் படுத்துவிடும். காலடிக் கோலத்திலிருந்து கடைசிக் கோலம் வரை புள்ளி புள்ளியாக எண்ணலாம். வெறும் 2 டிகிரி! கானனின் 45 மி.மீ. டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் 8 டிகிரி வரை சாயும்.

மொட்டை மாடி வித்தை இதன் தலைகீழ். வீதி படுத்திருக்கும் திசைக்கு எதிர்த்திசையில் லென்ஸைச் சாய்த்தால், தெளிவின் தளம் வீதியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. வெட்டுகிற இடத்தில் மட்டும் தெளிவு. அதற்கு இப்பாலும் அப்பாலும் மங்கல் கூடிக்கொண்டே போகும். அரை மீட்டர் துளை தரவேண்டிய மங்கலை, விரல் கடை அகலத் துளை தந்துவிடுகிறது. இத்தாலியப் புகைப்படக் கலைஞர் ஒலிவோ பார்பியேரி 2003-இல் ரோம் நகரில் தொடங்கி, ஹெலிகாப்டரில் பறந்து பல பெருநகரங்களை இப்படிச் சிறுமாதிரிகளாக மாற்றிக் காட்டினார். 'தி சோஷியல் நெட்வொர்க்' படத்தின் படகுப்போட்டிக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு உடனே ஞாபகம் வரும்.

ஹெலிகாப்டர் வேண்டாம், தியாகராய நகர் போதும். மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறந்ததிலிருந்து, தரையை விட்டு மேலே நின்று நெரிசலைப் பார்க்கும் வசதி எல்லோருக்கும் வந்துவிட்டது. தீபாவளிக்கு முந்தைய வாரத்துக் கூட்டமும் ஆட்டோக்களின் மஞ்சளும் இந்த வகைப் படத்துக்கென்றே செய்து வைத்தவை. நிறம் அழுத்தமாக இருந்தால் வர்ணம் பூசிய பொம்மை என்ற எண்ணம் வலுக்கும். உச்சி வெயிலின் கூர்மையான நிழலும் கைகொடுக்கும். சாதாரணப் படத்துக்கு ஆகாத வெளிச்சம் இதற்கு ஆகும்.

ஒன்று மட்டும் ஆகவே ஆகாது: கோபுரம். மயிலையில் படமெடுக்கிற யாரும் கோபுரத்தை விட மனம் ஒப்புவதில்லை, அங்கேதான் குட்டு உடைகிறது. கோபுரத்தின் அடியும் நுனியும் கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பவை. உண்மையிலேயே அது சிறிய பொம்மை என்றால் அடி தெளிவாக இருக்கும்போது நுனியும் தெளிவாகத்தான் இருக்கும். சாய்த்து எடுத்த படத்தில் அடி தெளிந்து கலசங்கள் கரைந்துவிடும். பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ தப்பு என்று மனம் உறுத்தும். தட்டையான காட்சிகளே இந்த வித்தைக்கு நல்லது: தெப்பக்குளம், படித்துறை, மேலிருந்து பார்க்கும் கடைத்தெரு.

கோபுரத்துக்கு இந்த லென்ஸின் இன்னொரு பாதியான 'ஷிஃப்ட்' இருக்கிறது. கிழக்கு ராஜகோபுரம் சுமார் 37 மீட்டர் உயரம். கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் விழப்போவதுபோல் குவிந்து சரியும். ஏற்கெனவே மேலே குறுகும் கோபுரம் இன்னும் குறுகும். சரியாமல் எடுக்கக் கேமரா மட்டமாக இருக்க வேண்டும். 24 மி.மீ. லென்ஸை நெட்டுவாக்கில் மட்டமாகப் பிடித்தால் கலசம் வரை சட்டத்துக்குள் வர 47 மீட்டர் பின்னால் போக வேண்டியிருக்கும். லென்ஸை 12 மி.மீ. மேலே நகர்த்தினால் 28 மீட்டர் போதும். சன்னதித் தெருவில் அந்தப் பத்தொன்பது மீட்டருக்குள் எத்தனை பூக்கடை, எத்தனை ஆட்டோ என்று அங்கே போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

லென்ஸ்பேபியின் கதை வேறு. அங்கே சாய்வோடு இன்னொரு சங்கதியும் சேர்கிறது: புலவளைவு. வில்லை ஒன்று தட்டையான சுவரைத் தட்டையாகவே காட்டுவதில்லை. பிம்பம் கிண்ணம்போல வளைந்து விழுகிறது. நம் விழித்திரையும் கிண்ணமாக வளைந்திருப்பதால் கண்ணுக்கு அது பெரிய தொல்லை இல்லை. ஃபிலிமும் சென்சாரும் தட்டை. நடுவில் ஃபோகஸ் பொருந்தினால் ஓரத்தில் தப்பும்.

வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த யோசெஃப் பெட்ஸ்வால் 1840-இல் வடிவமைத்த உருவப்பட லென்ஸ் இதற்குப் பெயர்போனது. அதற்கு முன் இருந்தவற்றைவிடப் பல மடங்கு வெளிச்சத்தை உள்ளே விட்டது அது. கழுத்துக்கு முட்டுக்கொடுத்து நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டியிருந்த நிலை மாறியது. விலையாக ஓரங்கள் மங்கிச் சுழன்றன. முகம் நடுவில்தானே இருக்கிறது என்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. குழுப்படம் என்றால் ஆட்களைக் கேமராவைச் சுற்றி வில்போல் வளைத்து நிறுத்திச் சமாளித்தார்கள். வளைந்த புலத்துக்கு வளைந்த வரிசை. ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷாட் புதுவகைக் கண்ணாடிகளை உருவாக்கிய பிறகு, 1890-இல் சைஸ் நிறுவனத்தின் பால் ருடால்ஃப் புலத்தைத் தட்டையாக்கும் லென்ஸை வடிவமைத்தார். அரை நூற்றாண்டு உழைப்பு அது.

அப்படி விரட்டிய குறையை 2004-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டைச் சேர்ந்த கிரேக் ஸ்ட்ராங் என்ற புகைப்படக்காரர் திரும்பக் கூட்டிவந்தார். எளிய வில்லையொன்றை வளையும் குழாயில் பொருத்தி, விரல்களால் அமுக்கியும் வளைத்தும் ஃபோகஸ் செய்யும்படி அவர் விற்றதுதான் முதல் லென்ஸ்பேபி. திருத்தப்படாத புலவளைவால் நடுவில் ஒரு தெளிந்த வட்டம் கிடைக்கிறது. குழாயை வளைக்கும்போது அந்த வட்டம் சட்டத்துக்குள் நகர்கிறது. துளையைப் பெரிதாக்கினால் வட்டம் சிறுக்கும், சுருக்கினால் விரியும். டில்ட் லென்ஸ் தருவது தெளிவின் பட்டை. லென்ஸ்பேபி தருவது தெளிவின் புள்ளி.

இதை "கண் பார்ப்பதுபோலவே பார்க்கும் லென்ஸ்" என்று புகழ்வோர் உண்டு. பாதி உண்மை. நீட்டிய கையின் கட்டைவிரல் நகம் மறைக்கிற அளவு, சுமார் 2 டிகிரி அகலத்தில்தான் நம் கண்ணுக்கும் கூர்மையான பார்வை இருக்கிறது. ஆனால் அந்தப் புள்ளி விநாடிக்கு மூன்று முறைபோல இடம் மாறி எல்லாவற்றையும் மேய்ந்துவிடுவதால், உலகம் முழுவதும் தெளிவாக இருப்பதாகவே உணர்கிறோம். லென்ஸ்பேபி அப்படி மேயவிடாது. பூக்காரம்மாவின் விரலிடுக்கில் முடிச்சு விழும் மல்லிகையைப் பார் என்றால் அதை மட்டுமே பார்க்க வேண்டும். கோயில் வாசலைப்போல் பத்து விஷயங்கள் ஒரே நேரத்தில் கண்ணைப் பிடித்து இழுக்கும் இடத்தில் இந்தக் கட்டாயம் வரம். அடையாறு முகத்துவாரம்போல் வெறிச்சென்ற இடத்தில் அதுவே வெற்று அலங்காரம். அங்கே ஒதுக்கித் தள்ள என்ன இருக்கிறது?

காசில்லாத வழியும் உண்டு. 50 மி.மீ. லென்ஸைக் கழற்றி, கேமராவின் வாயருகே கையால் சாய்த்துப் பிடித்தே எடுப்பது. சாய்வு கிடைக்கும், இடுக்கில் கசியும் வெளிச்சம் சில நேரம் அழகாகவும் விழும். சென்னையில் இதைச் சிபாரிசு செய்ய எனக்குத் தயக்கம். கடற்காற்றும் கோலமாவும் பறக்கும் தெருவில் சென்சாரைத் திறந்து வைப்பது கண்ணில் மண் போட்டுக்கொள்வதற்குச் சமம். இந்த ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பதே பெரும்பாடு. காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் எல்லோர் வீட்டிலும் இருப்பது சும்மா அல்ல. ஆசை விடாவிட்டால் வீட்டுக்குள், மின்விசிறியை நிறுத்திவிட்டு, பழைய கேமராவில் செய்து பாருங்கள்.

கைபேசியில் 'போர்ட்ரெய்ட்' முறை இருக்கிறதே, இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். அது எல்லாவற்றையும் தெளிவாக எடுத்துவிட்டு, ஒவ்வொரு பொருளும் எவ்வளவு தூரம் என்று கணித்து, பின்னால் இருப்பதாகத் தான் நினைப்பதை அழிக்கிறது. கணிப்பு தவறும் இடம் தலைமுடியும் மல்லிகைச் சரமும்தான். எடுத்து முடித்தபின் மங்கலை மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் வசதி. மங்கலை எங்கே வைப்பது என்று எடுக்கும்போதே யோசிக்க வைக்காதது அதன் பலவீனம். என் கணக்கில் பலவீனம்தான் பெரிது.

ஆனால் கைபேசிக்கு வேறொரு இடத்தில் உண்மையான பலம் இருக்கிறது. அதன் லென்ஸ் துளை சில மில்லிமீட்டர்தான். ஆகவே மிக அருகிலும் தெளிவின் ஆழம் தாராளம். ஊரைப் பொம்மையாக்கக் கைபேசி லாயக்கில்லை, பொம்மையை ஊராக்க அதற்கு நிகரில்லை. கொலுவில் பிள்ளைகள் அமைத்த பூங்காவை நின்ற வாக்கில் மேலிருந்து எடுப்பதால்தான் அது பொம்மையாகத் தெரிகிறது. கைபேசியைத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் தரையோடு ஒட்டும்படி, பொம்மையின் கண்மட்டத்தில் வைத்து எடுத்தால் மண் மரம் நிஜ மரமாகும். கேமராக்காரர்கள் படிகளை முழுசாகத் தெளிவாக்க டில்ட் லென்ஸைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்தால் போதும். கொலுப்படி சாய்வாக ஏறும் தளம் என்பதால் முதல் படிக் காய்கறிக் கடையும் மேல் படிக் கலசமும் சேர்ந்தே தெளியும்.

டில்ட்-ஷிஃப்ட் லென்ஸின் விலை பலருக்குக் கட்டுபடியாகாது. ஆண்டுக்கு நான்கு முறை எடுக்கப்போகிற படத்துக்காக அதை வாங்கவும் வேண்டாம். நாள் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் சென்னையில் உண்டு. தானியங்கி ஃபோகஸ் கிடையாது என்பதால் முக்காலியோடு, நேரலைத் திரையைப் பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் பழக முதல் நாள் போய்விடும். வாடகையை இரண்டு நாளுக்குப் பேசிக்கொள்ளுங்கள். அறுபத்துமூவருக்கு வேண்டுமென்றால், எட்டாம் நாளுக்கு முந்தைய மாலை ஏதாவது தெருமுனைப் படிக்கட்டில் பழகிவிட்டு, மறுநாள் மாடி ஏறுங்கள். மாடிக்காரரிடம் மட்டும் ஒரு வாரம் முன்பே சொல்லி வையுங்கள்.